இருநூற்றுப் பதினாலாம் நம்பர் சீட்டு

ஹேஸ்லர், கான்சஸ்
1998 மே 11

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

நாங்கள் நலம். உன் அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு மட்டும் விட்டபாடில்லை. மழை நின்று கோதுமை நன்றாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பண்ணையில் மீன்குஞ்சுக்குத் தீனி போட்டுவிட்டு நீ டப்பா பீன்ஸோடு படுத்துவிடுகிறாயா? ரேடியோ போனில் கேட்கலாம் என்றால் விரிகுடா முழுக்க உட்கார்ந்து ஒட்டுக் கேட்கும் என்று நீதான் சொன்னாய். அதனால்தான் கடிதம்.

நல்ல செய்தி இல்லை. ஏப்ரல் 26 அன்று நம் ஷெரிஃபின் போலீஸ்காரன், டெபுடி லைலைச் சுட்டுவிட்டார்கள். நம் சந்தையில் பதினோரு வருடமாக வாசலில் உன் அத்தான் டெல்மாரோடு நிற்பானே, அந்த லைல். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை நிறுத்தி லைசென்ஸ் கேட்டிருக்கிறான். உள்ளே இருந்தவன் கண்ணாடி வழியாகவே சுட்டுவிட்டான். குண்டு முதுகெலும்பில். உயிர் இருக்கிறது. இனி நடக்க முடியாது என்று விச்சிட்டா டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பத்திரண்டு வயது.

சுட்டவன் ஏற்கெனவே சிறை போனவன், கடையில் துப்பாக்கி வாங்க முடியாதவன். அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? போன அக்டோபரில் ஹேஸ்லர் துப்பாக்கிச் சந்தையில், விற்பனைக்கு என்று துப்பாக்கிக் குழாயில் காகிதக் கொடி செருகிக்கொண்டு நடந்த ஒருவனிடம் வாங்கினானாம். பொய். அப்பா ஆரம்பித்து இருபத்துநாலு வருடத்தில் நம் கூடத்திலிருந்து போன எதுவும் யாரையும் சுட்டதில்லை.

ஷெரிஃப் நோரிஸ் வீட்டுக்கே வந்து, சந்தை வாசலில் பெயரும் துப்பாக்கியும் எழுதி வைக்கும் அடிச்சீட்டுப் பெட்டியைக் கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். எந்தச் சட்டமும் அப்பாவை அந்தச் சீட்டு எழுதச் சொல்லவில்லை. உள்ளே துப்பாக்கியோடு வருகிறவன் அதே துப்பாக்கியோடு வெளியே போகட்டும், மாறிப்போகக் கூடாது என்று அவராகவே வைத்த பழக்கம். நம்மை நம்பிப் பெயர் கொடுத்தவர்களை நான் எப்படிப் போலீஸிடம் கொடுப்பேன்? நீதிபதி உத்தரவு கொண்டு வா என்று கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பதிலடியாக, இனி எந்த டெபுடியும் நம் வாசலில் நிற்கக் கூடாதென்று நோரிஸ் உத்தரவு போட்டுவிட்டான். இரண்டு டெபுடி வாசலில் இல்லாவிட்டால் மைதானக் கமிட்டி கூடத்தை வாடகைக்குத் தராது, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அக்டோபர் சந்தை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது.

அப்பாவின் ரிவால்வரைக் கடல் காற்று அரித்துவிடப் போகிறது. மாதம் ஒரு தடவை எண்ணெய் போடு. அடக்கம் முடிந்த அன்று அதை உன் கையில் கொடுத்தபோது என் மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா,
ஆர்லீன்


கோடியாக் தீவு, அலாஸ்கா
மே 24

அன்புள்ள அக்கா,

நான் நலம். அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அவர் வேண்டாம் என்பார், கேட்காதே. மூடுபனியால் ஒன்பது நாள் விமானம் வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் மூட்டையோடு வந்து இறங்கியது.

லைல் விஷயம் படித்துவிட்டுத் தொட்டிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல பையன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் அல்லவா?

அந்த ஆள் அக்டோபர் என்றா சொன்னான்? விற்றவன் எப்படி இருந்தான் என்று ஏதாவது சொன்னானா? என்ன மாதிரித் துப்பாக்கி? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே குஞ்சுகளைக் கடலில் விடும் காலம். அப்பாவின் டிரக் நன்றாக ஓடுகிறது என்று டவுனில் அதை நிறுத்தி வைத்திருக்கும் நண்பன் சொன்னான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வெர்லின்


ஹேஸ்லர்
ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நலத்துக்குக் குறைவில்லை, நிம்மதிதான் இல்லை.

கமிட்டிக் கூட்டம் நடந்தது. தலைவி ஃபெர்ன், அதுதான் எனக்குப் பூசணிக்காய் வைத்த பலகாரம் செய்யக் கற்றுக்கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒப்பந்தத்தைப் படித்தாள். டெபுடி இல்லை, அதனால் காப்பீடு இல்லை, அதனால் கூடம் இல்லை. நான் எழுந்து, வாசலில் நிற்க ஆள் தர மறுப்பவனும் நோரிஸ், ஆள் இல்லை என்று புகார் சொல்பவனும் நோரிஸ், இது என்ன நியாயம் என்று கேட்டேன். நோரிஸ் பின்வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதியவன்.

"ஆர்லீன், நான் உன்னோட சண்டைக்கு வரல. லைலோட பொண்ணுங்க தினம் என்கிட்ட, அப்பா எப்ப நடப்பாருன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றான்.

எழுந்து நின்றவள் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் அவன் செய்வதும் சரியில்லை. சந்தையில் மேசை வாடகைக்கு எடுத்து விற்கும் பதினேழு பேர் வீட்டுக்கு டெபுடிகள் போய், சும்மா விசாரிக்க வந்தோம் என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒன்பது பேர் பின்வாங்கிவிட்டார்கள். நான் மளிகைக் கடைக்குப் போனாலும் பின்னால் ஒரு போலீஸ் வண்டி ஊர்ந்து வருகிறது. டெல்மாரை, பின்விளக்கு மங்கல் என்று ஒரே வாரத்தில் இரண்டு தடவை நிறுத்தினார்கள். முடிவை ஆகஸ்ட் வரை கமிட்டி தள்ளி வைத்திருக்கிறது.

நீ கேட்டாயே, அது .38 ரிவால்வராம். விற்றவன் உயரமான ஆள், தொப்பி போட்டவன் என்கிறான். இந்த ஊரில் பாதிப்பேர் உயரம், மீதிப்பேர் தொப்பி.

லைலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை நூடுல்ஸும் கோழியும் வேகவைத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொண்டுபோனேன். அடியில் என் பெயரெழுதிய பட்டை ஒட்டியிருக்கிறேன், அவன் மனைவி சாவகாசமாகத் திருப்பித் தரட்டும். இனிச் செவ்வாய்தோறும் போவதாக இருக்கிறேன். எங்களுக்குள் சந்தைப் பேச்சே எடுப்பதில்லை. அவன் என்மேல் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

எண்ணெய் போட்டாயா என்று நீ எழுதவில்லையே. குளிருக்குக் கதகதப்பாக உடுத்து.

அக்கா,
ஆர்லீன்


கோடியாக் தீவு
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். வேலை நெருக்கடியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்தச் சந்தை உனக்கு எதற்கு அக்கா? உனக்கு அறுபத்தொன்று. அப்பாவும் போய்விட்டார். விட்டுத் தொலைத்துவிட்டு நீயும் அத்தானும் இங்கே வந்து ஒரு மாதம் இருங்கள். பெட்டியையும் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடு. யாருக்கு வேண்டும் அந்தப் பழைய காகிதம்?

எண்ணெய் பற்றிக் கவலைப்படாதே.

லைலுக்கு என் அன்பைச் சொல். வேண்டாம், சொல்லாதே. நானே எழுதுகிறேன்.

வெர்லின்


ஹேஸ்லர்
ஜூலை 6

தம்பி வெர்லினுக்கு,

சுகமா? இங்கே நூற்று நாலு டிகிரி வெயில். அறுவடை முடிந்தது. உன் அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் வெயில் என்கிறார்.

கொளுத்திவிடு என்று எழுதியிருந்தாய். அப்பா கேட்டிருந்தால் உன் காதைத் திருகியிருப்பார். அந்தப் பெட்டிதான் நம் சந்தை யோக்கியமானது என்பதற்கு ஒரே சாட்சி. அதைக் கொளுத்தினால் அவர்கள் சொல்வது உண்மை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

இப்போது கூத்தைக் கேள். துப்பாக்கி நம்பரை வைத்து, செய்த கம்பெனி, வாங்கிய கடை என்று தேடிக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் நம் ஊர் இரும்புக்கடைப் பழைய பதிவேட்டில் வந்து நின்றதாம். 1971. வாங்கியவர் பெயர்: எம்மெட். அதாவது நம் அப்பா.

நோரிஸ் இதைச் சொன்னபோது அவன் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன். "எங்கப்பா துப்பாக்கி அலாஸ்காவுல என் தம்பிகிட்ட இருக்கு. உன் ஆளுங்களுக்கு ஏழுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் பாத்து எழுதத் தெரியல" என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இனி உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. ரிவால்வரின் கைப்பிடிக்குக் கீழே நம்பர் இருக்கும். அதைத் தாளில் எழுதி, டவுனில் இருக்கும் போலீஸ்காரர் ஒருவரிடம் காட்டி, பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கி அனுப்பு. ஒரு வரி போதும். அதை ஃபெர்ன் மேசையில் வைத்துவிட்டேன் என்றால் எல்லார் வாயும் அடைபடும், கூடமும் திரும்ப வரும்.

விமானம் வந்த அன்றே அனுப்பு. உடம்பு பத்திரம்.

ஆர்லீன்


ஹேஸ்லர்
ஜூலை 27

வெர்லின்,

நலமா? மூன்று வாரமாகிறது. மூடுபனியா? தபால்காரர் நம் வாசலுக்கு வரும் முன்பே நான் தெருவில் நிற்கிறேன். ஒரு நம்பர் எழுத இவ்வளவு நாளா? உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது எழுது.

அக்கா


கோடியாக் தீவு
ஜூலை 30

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உன் ஜூலை 6 கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு வலைப்பக்கம் வருகிறது. எங்கள் சமையல்காரர் பாத்திரத்தைத் தட்டி விரட்டுகிறார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்து மீன் தின்கிறது.

போன இலையுதிர் காலத்தில் அப்பாவின் டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்ததைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. கனடா வழியாக ஆறு நாள். எல்லையில் ஒரு பெண் அதிகாரி டிரக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில், உதிரி டயருக்குள், அப்பாவின் மீன்பிடிப் பெட்டிக்குள். கைத்துப்பாக்கி இருக்கிறதா என்று நாலு தடவை கேட்டாள். அங்கே கைத்துப்பாக்கியோடு எல்லை தாண்ட விடமாட்டார்கள், தெரியுமா? சந்தையின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். இல்லை என்று நாலு தடவையும் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள்.

லைல் இப்போது எப்படி இருக்கிறான்? கைகள் நன்றாக வேலை செய்கின்றனவா?

வெர்லின்


ஹேஸ்லர்
ஆகஸ்ட் 13

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எல்லையில் நடந்ததை மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் அடுப்பில் இருந்த தக்காளியை இறக்கினேன். அடிப்பிடித்துவிட்டது.

நீதிபதி உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி, பெட்டியை நோரிஸிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை சமையலறை மேசையில் கொட்டினேன். முந்நூற்று எட்டு சீட்டு. பார்த்து முடிக்க மத்தியானம் ஆனது.

பிறகு ஒரு சீட்டை டெல்மார் முன்னால் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ கேக்கலயேன்னு இருந்துட்டேன்" என்றார். வசந்தத்திலிருந்து அந்த மனிதர் ஏன் சாப்பிடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. முப்பத்தெட்டு வருடம் கூடக் குடித்தனம் செய்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் தட்டைப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். டெல்மாரின் கையெழுத்து உனக்குத் தெரியும். என்னால் என் அடுப்பில் போட முடியவில்லை. இரண்டு தடவை மூடியைத் திறந்தேன். உன் அடுப்பில் போடு. போட்டேன் என்று எழுத வேண்டாம். இதைப் பற்றி நீயும் நானும் இனி எழுதவே வேண்டாம்.

அந்தக் கரடி பக்கம் போகாதே. இங்கே தக்காளி இந்த வருடம் அமோகம்.

அக்கா,
ஆர்லீன்


ஹேஸ்லர்
ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்றுப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். நோரிஸ் மேசையில் வைத்து எண்ணினான். முந்நூற்று ஏழு. "நடுவுல இருநூத்துப் பதினாலு இல்லயே, ஆர்லீன்" என்றான். சில சமயம் சீட்டு கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம் என்றேன். அவன் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான்: என்னிடம் இருந்தவை இவ்வளவுதான், எதையும் எடுக்கவில்லை, மறைக்கவில்லை, கடவுள் சாட்சி. கையெழுத்துப் போட்டேன். எழுத்து வழக்கம்போல அழகாகவே விழுந்தது, வெர்லின். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெட்டியைக் கொடுத்ததால் கமிட்டி மனம் இரங்கிவிட்டது. அக்டோபர் 10, 11 தேதிகளில் கூடம் நமக்கு. நோரிஸும் இரண்டு ஆள் தருவதாகச் சொல்லிவிட்டான். ஃபெர்ன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அப்பவே சொன்னேன் என்றாள். அவள் எப்போது என்ன சொன்னாளோ.

ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்பை முழுக்கக் கழற்றித் துடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லைலிடம் போனேன். முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்த பன், சந்தையில் அவன் ஆறு ஏழு சாப்பிடுவானே, அதை ஒரு பாத்திரம் நிறைய. அவன் வீட்டிலிருந்து இதுவரை ஒரு பாத்திரமும் திரும்பி வரவில்லை. என் அலமாரி காலி, சர்ச் சமையலறையில் கடன் வாங்குகிறேன். வழக்கமாக ஒரு வாரத்தில் கழுவித் தந்துவிடுவார்கள், பெயர்ப் பட்டை எதற்கு ஒட்டுகிறோம்? கேட்க மனம் வரவில்லை. அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினான். "வேற ஒண்ணும் இல்லயா, ஆர்லீனம்மா?" என்று கேட்டான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்து, உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

ஆர்லீன்


கோடியாக் தீவு
ஆகஸ்ட் 31

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன் 13ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. புயலால் பதினோரு நாள் விமானம் இல்லை. அதற்குப் பிறகு நீ எழுதியிருந்தால் அது இன்னும் வரவில்லை.

அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்துதான் இந்த நிலைக்கு வந்தோம்.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சீட்டைக் கையில் எடுத்தேன். 214. வெர்லின். ஊர்: ஹேஸ்லர். .38 ரிவால்வர், எம்மெட்டுடையது. என் டிரைவிங் லைசென்ஸ் அலாஸ்கா லைசென்ஸ். வேறு மாநிலத்தில் குடியிருப்பவன் கைத்துப்பாக்கியைக் கையோடு கை விற்கக் கூடாது, கடைக்காரர் வழியாகத்தான் விற்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்றபோது நான் வெளியூர்க்காரன் என்று எனக்கே தோன்றவில்லை, அக்கா. அத்தானுக்கும் தோன்றவில்லை. என்னைக் கேட்காமலே ஹேஸ்லர் என்று எழுதினார்.

நீ கொடுத்ததை விற்றேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். வாங்கியவன் சாதுவாக இருந்தான். விலைகூடப் பேசவில்லை. நீ உள்ளே மேசை வாடகை வசூலித்துக்கொண்டிருந்தாய். ஒரு பத்தடி நடந்து வந்து, இதை நீயே வைத்துக்கொள் என்று உன்னிடம் கொடுத்திருந்தால் போதும்.

சீட்டின் கீழ்மூலையில் அத்தானின் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து இருக்கிறதே, பார்த்தாயா? வாசலில் குண்டு இல்லை என்று பார்த்து, உள்ளே சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை கட்டிய டெபுடியின் எழுத்து. லைல். அவன்தான் கட்டினான். கட்டிக்கொண்டே, "எம்மெட் தாத்தா துப்பாக்கியாச்சே இது. வித்துராதீங்க, பின்னால வருத்தப்படுவீங்க" என்றான். சும்மா காட்டத்தான் கொண்டுபோகிறேன் என்று சிரித்தேன்.

அவன் கையெழுத்தை நான் எப்படி நெருப்பில் போடுவேன்?

நோரிஸுக்கு நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதி, சீட்டையும் உள்ளே வைத்து, இதே விமானத்தில் அனுப்புகிறேன். பெட்டியில் விட்டுப்போனதை அவனே சேர்த்துக்கொள்வான். உன் பெட்டி முழுதாகிவிடும். உன் மேல் ஒரு சொல்லும் வராது. சந்தைக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது நீ நிம்மதியாகத் தூங்கு.

நான் ஆங்கரேஜ் போய் அங்கே போலீஸில் ஆஜராகப் போகிறேன்.

அத்தானிடம், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்.

உன் தம்பி,
வெர்லின்


ஹேஸ்லர்
செப்டம்பர் 22

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

நீ நலமா? ஆங்கரேஜில் உன்னை எப்படி நடத்துகிறார்கள்? வக்கீல் கிடைத்தாரா? இங்கே டெல்மார் இப்போது சாப்பிடுகிறார். அந்த ஒரு நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் 9ஆம் தேதி வந்தது. நோரிஸுக்கும் அன்றைக்கே கிடைத்திருக்கிறது. மறுநாள் என்னை அழைத்தான். மேசையில் இரண்டு காகிதம்: உன் மஞ்சள் சீட்டு, அதன் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள். காபி ஊற்றி வைத்தான். நானே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "இத நீ மே மாசமே குடுத்திருந்தா, உன் தம்பி மேல மட்டும்தான் வழக்கு, ஆர்லீன்" என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொய்ச் சத்தியத்துக்கு நவம்பரில் நீதிமன்றம் போக வேண்டும். சிறை இருக்காது, வயதைப் பார்ப்பார்கள் என்கிறார் வக்கீல். கூடம் போய்விட்டது. அக்டோபர் 10 அன்று அங்கே ஆட்டுக் கண்காட்சி. இனி எந்த வருடமும் நமக்கு இல்லை என்று கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டது. அப்பாவின் பெயர்ப்பலகையை டெல்மார் கழற்றி வந்து கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டா என்று கேட்பாய். உண்டு. விற்றதற்கு இல்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ சீட்டை அனுப்பினாய், உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

லைலைப் பற்றி எழுத வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் ஆனது.

போன செவ்வாய்க்கிழமை போனேன். போகாமல் இருக்கலாமா என்று நினைத்தேன், ஆனால் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வழக்கம்போல் பாத்திரத்தோடுதான் போனேன், வெறுங்கையோடு போகத் தெரியவில்லை. அவன் முன்னறையில் நாற்காலியில் இருந்தான். நான் ஆரம்பிக்கும் முன்பே அவன் பேசினான்.

"ஜூலையில துப்பாக்கி நம்பரச் சொன்னாங்க, எம்மெட் தாத்தா பேரும் சொன்னாங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். பட்டை கட்டினவன் நான்தானே. நோரிஸ்கிட்ட நான் சொல்லல. உங்க வாயால வரட்டும்னு விட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் நீங்க வருவீங்க, இன்னிக்குச் சொல்லுவாங்கன்னு பாப்பேன். நீங்க உப்புப் போதுமான்னு கேட்டுட்டுப் போயிருவீங்க."

எனக்கே ஆகஸ்ட்டில்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தெரிந்த பிறகும் ஐந்து செவ்வாய் போயிருக்கிறேன்.

அவன் மனைவி சமையலறையிலிருந்து பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தாள். பதினைந்து. எல்லாம் கழுவி, துடைத்து, என் பெயர்ப் பட்டை உரியாமல் இருந்தன. கூட வந்திருந்த டெல்மார் நாலு நடை நடந்து வண்டியில் ஏற்றினார். அன்றைக்கு நான் கொண்டுபோனதை மூடி திறக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தாள். லைல் வாசல் வரை வரவில்லை.

சர்ச்சுக்குச் சேர வேண்டியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னுடையவை அலமாரியில் இருக்கின்றன.

இன்றும் செவ்வாய்க்கிழமை. காலையில் எழுந்து, பழக்கதோஷத்தில், கோழியை வேகவைத்துவிட்டேன்.

ஆங்கரேஜில் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டை அனுப்புகிறேன், விடுவார்களா என்று கேட்டு எழுது.

அக்கா,
ஆர்லீன்